செயின்ட் டபியோக் ஹீத்: பெயரைப் படிப்பதிலிருந்து செடியை வளர்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கோனமாரா என்றொரு நிலப்பகுதி இருக்கிறது. பாறை, சதுப்பு, அட்லாண்டிக் கடலிலிருந்து ஓயாமல் வரும் மழை. அங்கே ஜூன் மாதவாக்கில் ஒரு குறுஞ்செடி பூக்கத் தொடங்கும். அக்டோபர் வரை பூத்துக்கொண்டே இருக்கும். முழங்கால் உயரத்தைத் தாண்டாத செடி. மெல்லிய தண்டின் நுனியில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த பூக்கள் வரிசையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். ஆகஸ்ட் மாதம் அதே சரிவில் குட்டை முள்புதரான மேற்கத்திய கோர்ஸும் மஞ்சளாகப் பூக்கும். இரண்டும் பின்னிக் கிடக்கும் இடங்களில் மலையின் நிறமே மாறிவிடும்.

தோட்டக்காரர்கள் இதை செயின்ட் டபியோக் ஹீத் என்கிறார்கள். தாவரவியல் பெயர் டபீசியா காண்டாப்ரிகா. இந்த இரண்டு சொற்களுக்குள் அயர்லாந்துத் துறவி ஒருவர், வட ஸ்பெயினின் ஒரு நிலப்பகுதி, அச்சில் நிலைத்துப்போன ஓர் எழுத்துப் பிழை, எழுபதாண்டுக்கும் மேலான இழுபறி எல்லாம் இருக்கின்றன. செடியை நன்றாக வளர்க்க வேண்டுமென்றால் பெயரிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்பது என் கருத்து. அது எந்த மண்ணைக் கேட்கும், எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதற்கான முதல் தடயம் பெயரிலேயே இருக்கிறது.

முதல் படி: கையில் இருப்பது இந்தச் செடிதானா என்று பாருங்கள்

ஹீத் என்ற சொல்லை மக்கள் அமில மண்ணில் வளரும் பல குறும்புதர்ச் செடிகளுக்குப் பொதுவாகப் பயன்படுத்துகிறார்கள். கோடையில் பூக்கும் ஹீத்களில் மூன்று பேரினங்கள், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புகள், அடிக்கடி குழப்பும்: கல்லூனா, எரிகா, டபீசியா.

கல்லூனாவை முதலில் ஒதுக்கிவிடலாம். அதன் இலைகள் செதில்போலச் சின்னஞ்சிறியவை, தண்டோடு ஒட்டி நான்கு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பூ மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அந்தப் பூவில் நிறம் காட்டுவது பெரும்பாலும் புல்லி இதழ்களே. உள்வட்ட இதழான அல்லி அவற்றுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

எரிகா கொஞ்சம் கவனம் கேட்கும். எரிகா சினெரியாவின் ஊசி இலைகள் மும்மூன்றாகச் சுற்றியிருக்கும். எரிகா டெட்ராலிக்ஸில் நான்கு நான்காக, மேலிருந்து பார்த்தால் சிலுவைபோலத் தெரியும். இரண்டின் பூக்களும் குடுவை வடிவம்தான், ஆனால் டபீசியாவின் பூவோடு ஒப்பிட்டால் சிறியவை.

டபீசியாவின் பூ ஒரு சென்டிமீட்டர் அளவில் இருக்கும், சில சமயம் அதையும் தாண்டும். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் பருத்து வாயருகே குறுகிய குடுவை. வாய் விளிம்பில் நான்கு சிறு மடல்கள் வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்கும். விரலால் தடவினால் இலேசாக ஒட்டும், ஏனென்றால் பூவின் மேலும் காம்பின் மேலும் சுரப்பி மயிர்கள் உள்ளன. நகத்தால் நெடுக்காகக் கீறித் திறந்தால் உள்ளே எட்டு மகரந்தத் தாள்கள். மகரந்தப்பைகள் பக்கவாட்டில் வெடிப்பதில்லை, நுனியில் உள்ள துளை வழியாகத் தூளை உதிர்க்கும்.

இலையையும் பார்த்துவிடுங்கள். ஊசி இலை இல்லை, நீள்வட்ட இலை, ஒரு சென்டிமீட்டர் அளவு. மேல்புறம் அடர் பச்சை, பளபளப்பு. திருப்பினால் அடிப்புறம் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் வெளுத்திருக்கும். விளிம்புகள் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். இலைகள் தண்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கும், வட்டமாகச் சூழ்ந்திருக்காது.

கடைசிச் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பூத்து முடியும் தறுவாயில் உள்ள தண்டின் கீழே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். டபீசியாவானால் பூக்குடுவைகள் நிறம் மங்காமலேயே முழுசாக உதிரும். எரிகாவும் கல்லூனாவும் அப்படி உதிர்ப்பதில்லை. பூ காய்ந்து பழுப்பாகி மாதக்கணக்கில் செடியிலேயே நிற்கும். இந்த ஒரு குணம்தான் பின்னால் பெயர்க் கதையிலும் பெரிய வேலை செய்கிறது.

இரண்டாம் படி: பெயரின் பின்பாதியை முதலில் படியுங்கள்

காண்டாப்ரிகா என்றால் காண்டாப்ரியாவைச் சேர்ந்தது. வட ஸ்பெயினில் கடலையும் மலையையும் ஒட்டிய நிலப்பகுதியின் பழைய பெயர் அது. ஐரிஷ் துறவியின் பெயர் தாங்கிய செடிக்கு ஸ்பெயின் எங்கிருந்து வந்தது?

ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இருசொற் பெயர் முறையைக் கொண்டுவருவதற்கு முன்பு, செடிகளுக்கு ஒரு சொற்றொடரே பெயராக இருந்தது. அந்தச் சொற்றொடர் வருணனையாகவும் இருக்கும், மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளமாகவும் இருக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்ன்ஃபோர் 1700இல் வெளியிட்ட பெருநூலில் இந்தச் செடியை இப்படிக் குறித்தார்: எரிகா காண்டாப்ரிகா, ஃப்ளோரே மாக்சிமோ, ஃபோலியிஸ் மிர்ட்டி சப்டுஸ் இன்கானிஸ். காண்டாப்ரிய ஹீத், மிகப் பெரிய பூ, மிர்ட்டில் இலை போன்ற இலை, அடிப்புறம் வெளுப்பு.

முதல் படியில் நீங்கள் கையில் வைத்துப் பார்த்ததெல்லாம் இதில் அடங்கிவிட்டது. பூவின் அளவு, இலையின் வடிவம், அடிப்புற வெண்மை, ஊர். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய இந்த லத்தீன் வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மலைக்குப் போனால்கூடச் செடியைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய சொற்றொடர்ப் பெயர்கள் நீளமானவை, கையாளச் சிரமமானவை என்பது உண்மை. ஆனாலும் எழுதியவர்கள் செடியைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள் என்பது ஒவ்வொரு சொல்லிலும் தெரிகிறது.

வளர்ப்பவருக்கு இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இயற்கையில் இந்தச் செடி வளர்வது மேற்கு அயர்லாந்து, மேற்கு பிரான்சின் சில இடங்கள், வட ஸ்பெயின், வட போர்ச்சுகல். எல்லாமே அட்லாண்டிக் ஈரக்காற்று படும் நிலங்கள். ஐரோப்பாவின் தென்மேற்கிலும் அயர்லாந்திலும் இருந்து, இடையில் பிரிட்டனில் இயல்பாக வளராத செடிகள் ஒரு கூட்டமே உண்டு. அவற்றை லூசிடானியத் தாவரங்கள் என்பார்கள். இதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

மூன்றாம் படி: முன்பாதியின் மூலத்தைத் தேடுங்கள்

இங்கே எட்வர்ட் லூயிட் வருகிறார். வேல்ஸ்காரர். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் காப்பாளர். கெல்டிக் மொழிகளையும் பழம்பொருள்களையும் செடிகளையும் ஒருசேரத் தேடி 1697 முதல் 1701 வரை பயணம் போனவர். 1699–1700இல் அயர்லாந்தில் சுற்றியபோது மேற்குக் கரை மாவட்டங்களான கால்வே, மேயோவின் மலைகளில் இந்தச் செடியைக் கண்டார். செடியைச் சேகரித்ததோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த ஊர் மக்கள் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைத்தார். அவர் காதில் விழுந்தது ஃப்ரிக் டபியோக். அதாவது டபியோக்கின் ஹீத். பெண்கள் சில சமயம் இதன் கிளைகளைக் கற்புக்குக் காப்பாக உடன் வைத்துக்கொள்வார்கள் என்றும் குறித்தார்.

நாமகரணத்தின் வரலாற்றில் இந்த இடத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நிலத்தில் வேலை செய்த, நூல் எதுவும் எழுதாத மக்கள் சொன்ன ஒரு சொல், உலகம் முழுக்கத் தாவரவியலாளர்கள் எழுதும் பேரினப் பெயராக நிலைத்தது. மொழியறிஞராகவும் இருந்தவர் கேட்டதால்தான் அது நமக்குக் கிடைத்தது.

டபியோக் யார்? அயர்லாந்தின் ஆதிகாலக் கிறித்தவத் துறவி. செயின்ட் பாட்ரிக்கின் சீடர் என்று மரபு சொல்லும். டோனகல் மாவட்டத்தின் லாக் டெர்க் ஏரித்தீவில் இருந்த மடத்தோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. அந்த ஏரித்தீவு இன்றும் புனித யாத்திரைத் தலம். செடி வளர்வதோ தெற்கே கால்வேயிலும் மேயோவிலும். துறவியின் ஊரில் துறவியின் ஹீத் இல்லை. இன்று ஐரிஷ் மொழியில் இதற்கு வழங்கும் பெயர் ஃப்ரீக் நா ஹேன் கோஷே, அதாவது ஒற்றைக்கால் ஹீத். அதில் துறவி இல்லவே இல்லை. லூயிட் 1700 வாக்கில் எழுதிவைக்காமல் போயிருந்தால் டபியோக்கின் பெயர் தாவரவியலுக்குள் வந்திருக்காது.

நான்காம் படி: எழுத்து எங்கே இடம் மாறியது என்று கவனியுங்கள்

துறவியின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் டி, ஏ, பி, ஈ, ஓ, சி என்று வரும். செடியின் பெயரில் அது டி, ஏ, பி, ஓ, ஈ, சி. நடுவில் ஈயும் ஓவும் இடம் மாறிவிட்டன. 1762இல் வெளிவந்த தன் நூலின் இரண்டாம் பதிப்பில் லின்னேயஸ் செடியை எரிகாவில் சேர்த்து, துறவியின் பெயரை இந்த மாறிய எழுத்துக்கூட்டலோடு அச்சிட்டார். அன்று முதல் பிழையே வழக்கம்.

அதே 1762இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹட்சன் இதற்கு வாக்சினியம் காண்டாப்ரிகம் என்று பெயர் வைத்தார். வாக்சினியம் என்பது புளூபெர்ரியின் பேரினம். அவற்றுக்குச் சதைக்கனி. இந்தச் செடிக்கோ காய்ந்து வெடிக்கும் வெடிகனி. ஆகவே பேரினம் பொருந்தவில்லை, ஆனால் தூர்ன்ஃபோர் வழிவந்த காண்டாப்ரிகா என்ற சிறப்புப்பெயர் (இனத்தைக் குறிக்கும் பின்பாதி) ஹட்சன் வழியாக உயிர் பெற்றது. லின்னேயஸும் பிற்பாடு மனம் மாறி, செடியை எரிகாவிலிருந்து எடுத்து ஆண்ட்ரோமிடா என்ற வேறொரு பேரினத்தில் வைத்தார். பிறகு பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூசியூ அதை மென்சீசியா என்ற இன்னொரு பேரினத்துக்கு மாற்றினார்.

ஏன் இந்த அலைச்சல்? தாளில் தட்டிப் பார்த்தீர்களே, அந்த உதிரும் பூதான் காரணங்களில் ஒன்று. எரிகாவில் வைத்தால் பூ உதிரக்கூடாது, இது உதிர்கிறது. இலையும் எரிகாவுக்குரிய ஊசி இலை இல்லை. வேறெங்கு வைத்தாலும் நான்கு மடல், எட்டு மகரந்தத் தாள் என்ற கணக்கு ஹீத்தையே நினைவூட்டுகிறது. 1834இல் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் டேவிட் டான் இதற்கென்றே தனிப் பேரினம் ஒன்றை உருவாக்கி டபீசியா என்று பெயரிட்டார், லின்னேயஸின் எழுத்துக்கூட்டலை அப்படியே வைத்துக்கொண்டு. 1872இல் ஜெர்மானியர் கார்ல் கோக், ஹட்சனின் சிறப்புப்பெயரை டானின் பேரினத்தோடு சேர்த்தார். டபீசியா காண்டாப்ரிகா பிறந்தது அப்போதுதான்.

துறவியின் பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்று எழுத்தைத் திருத்தி எழுதியவர்களும் உண்டு. தாவரப் பெயரிடல் விதிகளின்படி டபீசியா பாதுகாக்கப்பட்ட பெயர். எனவே பிழையுள்ள வடிவமே சட்டப்படி சரி. எனக்கு அதில் முழுச் சம்மதம். பெயரின் வேலை எல்லோரும் ஒரே செடியைக் குறிப்பது. இத்தனை காலத்துக்குப் பிறகு எழுத்தைத் திருத்தினால் பழைய நூலில் உள்ள செடியும் இன்றைய செடியும் ஒன்றுதானா என்ற ஐயம்தான் மிஞ்சும்.

ஐந்தாம் படி: நர்சரிச் சீட்டைப் படிக்கப் பழகுங்கள்

முழுப் பெயரோடு எழுதிய சீட்டில், இருசொற் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஹட்சனின் சுருக்கமும் அடைப்புக்கு வெளியே கோக்கின் பெயரும் இருக்கும். உள்ளே இருப்பவர் சிறப்புப்பெயரை முதலில் தந்தவர், வெளியே இருப்பவர் இப்போதுள்ள பேரினத்துக்கு மாற்றியவர். நான்காம் படியின் கதை முழுவதும் அந்தச் சிறு அடைப்புக்குறிக்குள் சுருங்கிக் கிடக்கிறது.

அதற்கடுத்து ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் இருந்தால் அது தோட்ட வகை. 'ஆல்பா' வெள்ளைப் பூ. 'அட்ரோபர்ப்பூரியா' அடர் ஊதா. 'பைகலர்' என்ற வகையைப் பார்த்தால் யாரும் நின்றுவிடுவார்கள். ஒரே செடியில் வெள்ளைப் பூ, ஊதாப் பூ, இரண்டும் கோடுகோடாகக் கலந்த பூ எல்லாம் வரும், சில சமயம் ஒரே தண்டிலேயே. ஒன்றே ஒன்றுதான் வாங்க இடமிருக்கிறது என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சீட்டில் பெருக்கல் குறியும் ஸ்காட்டிகா என்ற சொல்லும் இருந்தால் அது கலப்பினம். அட்லாண்டிக் கடலில் உள்ள அசோரஸ் தீவுகளில் குட்டையான, சிவப்புப் பூ பூக்கும் உறவுச்செடி ஒன்று உண்டு, டபீசியா அசோரிகா. டூட்டினும் வார்பர்க்கும் 1932இல் பெயரிட்டது. அதன் பூவில் மயிர் இருக்காது, குளிரும் அவ்வளவாகத் தாங்காது. இந்த இரண்டும் ஸ்காட்லாந்துத் தோட்டமொன்றில் கலந்து பிறந்ததால் ஸ்காட்டிகா. 'வில்லியம் புக்கானன்', 'ஜாக் டிரேக்' இரண்டும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சில புதிய பட்டியல்கள் அசோரஸ் செடியைத் தனி இனமாகக் கொள்ளாமல் காண்டாப்ரிகாவின் துணையினமாக வைக்கின்றன. சீட்டில் அப்படிப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

காட்டுச் செடியைப் பிடுங்கி வர வேண்டாம். மயிர்போன்ற வேர்கள் அறுந்துவிடும், பெரும்பாலும் பிழைக்காது.

ஆறாம் படி: இடமும் மண்ணும்

பெயர் சொன்ன ஊர்களை நினைவில் வையுங்கள். மழை அதிகம், குளிர்காலம் மிதமானது, மண் அமிலம். இந்த மூன்றையும் கொடுத்தால் போதும்.

மண்ணின் பி.எச். அளவு, அதாவது அமில-கார அளவு, 4.5 முதல் 6 வரை இருக்கலாம். சுண்ணாம்பு மண்ணில் இந்தச் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பட்ட இலைப்பரப்பு மஞ்சளாக வெளுக்கும். இரும்புச் சத்துக் கரைசல் தெளித்தால் சில நாள் பச்சை திரும்பும், மண் மாறாவிட்டால் மறுபடி மஞ்சள்தான். சுண்ணாம்பு மண் உள்ளவர்கள் மண்ணோடு மல்லுக்கட்டாமல் அமில மண் கலவை நிரப்பிய தொட்டியில் வளர்ப்பது நல்லது. கலவைக்குப் பீட் (சதுப்பில் வெட்டியெடுக்கும் பாதி மட்கிய தாவர மண்)தான் வேண்டும் என்றில்லை. மட்கிய பைன் பட்டையும் இலை மட்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. பீட் வெட்டுவது இந்தச் செடியின் சொந்த நிலத்தையே அழிப்பது. அதனால் பீட் இல்லாத கலவையையே பரிந்துரைக்கிறேன்.

நல்ல வெயில் படும் இடத்தில் பூ அதிகம். மற்ற ஹீத்களைவிட இது அரைநிழலையும் பொறுத்துக்கொள்ளும். வறண்ட அனல்காற்று ஆகாது. கடும் உறைபனியும், குறிப்பாகப் பனிப்போர்வை இல்லாமல் வீசும் குளிர்காற்றும், நுனிகளைக் கருக்கிவிடும். அடிக்கட்டை உயிரோடிருந்தால் வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும்.

ஏழாம் படி: நடவும் நீரும்

தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்ப்பந்தைத் தண்ணீரில் முக்கி நன்றாக ஊறவிடுங்கள். காய்ந்த வேர்ப்பந்தோடு நட்டால் பிறகு எவ்வளவு ஊற்றினாலும் நீர் உள்ளே இறங்காது. செடிக்குச் செடி 40 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். சற்று ஆழமாகவே நடலாம். கீழ் இலைகள் மண்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு இறக்கினால் காற்றில் ஆடாது, வெற்றுத்தண்டும் தெரியாது.

முதல் கோடையில் நீர்ப்பாசனத்தைத் தவறவிடாதீர்கள். ஈரம் காயக்கூடாது, அதே சமயம் வேரில் நீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் பைட்டாப்தோரா வேரழுகல் வரும், வந்த செடியைக் காப்பாற்றுவது கடினம். குழாய்நீர் சுண்ணாம்பு நீரானால் மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துங்கள்.

உரம் வேண்டாம். ஹீத் குடும்பத்தின் நுண்வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கிறது. வளமற்ற அமில மண்ணில் மட்காத பொருள்களுக்குள் அடைபட்டிருக்கும் தழைச்சத்தை உடைத்துச் செடிக்குத் தருவது அதுதான். பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை தரும். உரத்தைக் கொட்டினால் இந்தக் கூட்டு குலையும், செடி தளதளவென்று நீண்டு பூ குறையும். பைன் பட்டை மூடாக்கு ஆண்டுக்கொருமுறை போட்டால் போதும்.

எட்டாம் படி: கவாத்து

குளிர்காலத்துக்கு முன் வெட்டாதீர்கள். பழைய பூத்தண்டுகள் பனியிலிருந்து துளிர்களைக் காக்கும். வசந்தம் பிறந்து கடும்பனி ஓய்ந்ததும், முந்தைய ஆண்டின் பூத்தண்டுகளை அவற்றின் அடிவரை, பச்சை இலை உள்ள பகுதிக்குள்ளேயே வெட்டுங்கள். இலையற்ற பழுப்புக் கட்டைக்குள் கத்திரி போகக்கூடாது, அங்கிருந்து துளிர்ப்பது நிச்சயமில்லை. ஆண்டுதோறும் செய்தால் செடி அடர்த்தியாக நிற்கும். விட்டுவிட்டால் நடுவில் சாய்ந்து திறந்துகொள்ளும்.

ஒன்பதாம் படி: பெருக்குதல்

ஜூலை, ஆகஸ்டில் பூக்காத பக்கக் கிளைகளில் நான்கைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குத் துண்டு எடுங்கள். தண்டு அடியில் இலேசாக முற்றியிருக்க வேண்டும், நுனி வளையும்படி இருக்க வேண்டும். கீழ்ப்பாதி இலைகளை நீக்கி, மட்கிய பட்டையும் கூர்மணலும் சமமாகக் கலந்த தட்டில் செருகி, மூடியிட்டு, நேர்வெயில் படாமல் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலானவை வேர்பிடிக்கும். ஒன்றிரண்டு செடி போதுமென்றால் பதியன் இன்னும் எளிது. வெளிக்கிளையை வளைத்து, மண்ணில் ஒரு கல்லால் அழுத்திவைத்து, அடுத்த ஆண்டு வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

விதையும் முளைக்கும். இலையுதிர் காலத்தில் வெடிகனி பழுப்பாகும்போது ஒரு காகித உறையில் உதிர்த்துக்கொள்ளுங்கள். தூள்போன்ற விதை. மண்மேலேயே தூவ வேண்டும், மூடக்கூடாது, முளைக்க வெளிச்சம் தேவை. தட்டுக்கு மேலிருந்து நீர் ஊற்றினால் விதை அடித்துப்போகும், கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். ஆனால் 'ஆல்பா'வோ 'பைகலர்'ரோ விதையில் தாயைப்போலவே வரும் என்று நம்ப முடியாது. அந்த நாற்றுக்கான சீட்டில் தோட்ட வகைப் பெயரை எழுதாதீர்கள், டபீசியா காண்டாப்ரிகா என்று மட்டும் எழுதி, விதை எடுத்த செடியையும் ஆண்டையும் அடியில் குறித்துவையுங்கள்.